சுண்டுவிரல் ஜோடி

கொதிக்கிற துகள் கூட்டத்துக்குள்ளே குண்டு, தொப்பை என்று இரண்டு மேசான்கள், அதாவது அணுவைவிடச் சின்னதானாலும் அங்கே கனத்த துகள்கள், சுண்டுவிரலை மட்டும் கோத்துக்கொண்டு சுற்றி வந்தன.

"கையை நல்லாப் பிடியேன்," என்றது குண்டு.

"வேர்க்குது, போ! பிரியவே மாட்டோம்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு, அப்புறம் என்ன?" என்றது தொப்பை.

அந்த நேரம் பார்த்துப் பையான்கள் என்கிற பொடிப்பொடி லேசுத் துகள்கள் கும்மாளம் போட்டுக்கொண்டு ஓடிவந்தன. ஒரே ஒரு பையான்தான் இடித்தது. விரல் நழுவி, குண்டு ஒரு பக்கம் உருண்டது, தொப்பை ஒரு பக்கம் பறந்தது.

"அய்யய்யோ, தொப்பை!" என்று குண்டு கையை நீட்ட, நெரிசலுக்குள்ளிருந்து ஒரு சுண்டுவிரல் வந்து மாட்டிக்கொண்டது. மறுபடி இடி, மறுபடி அய்யய்யோ, மறுபடி ஒரு விரல். எத்தனை தடவை என்று குண்டுவுக்கே தெரியாது. தலை கிறுகிறுத்தது, சிரிப்பும் அடங்கவில்லை.

ஒருவழியாகச் சூடு தணிந்து, பையான்கள் தூரமாய்ப் போய்விட்டன. குண்டு மூச்சு வாங்கிக்கொண்டே, "பாத்தியா தொப்பை, இந்த நெரிசல்லயும் உன்னை விடவே இல்ல நான்!" என்றது.

பக்கத்தில் நின்றது தொப்பை இல்லை. அதே சாயலில் வேறொரு மேசான்; அதுவும் தன் ஜோடியை எங்கேயோ தவறவிட்டு வந்ததுதான்.

அது சுண்டுவிரலை லேசாக அசைத்துச் சொன்னது: "நான் மட்டும் விட்டேனா என்ன?"