வலிக்காத பல்லுக்கு அரைநாள் லீவு

“வலி இருக்கா வே?”

“இல்ல சார்.”

“வீக்கம்?”

“அதுவும் இல்ல சார். ஆறு மாசத்துக்கு ஒருக்க சும்மா காட்டிட்டு வருவேன்.”

தேவமணி கொடுத்த அரைநாள் விடுப்புக் கடிதத்தைத் தலைமை எழுத்தர் குமரகுருபரன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலியே இல்லாமல் பல் டாக்டரிடம் போகிறவனை ஐம்பத்து நாலு வயதில் அவர் கண்டதில்லை. அவருக்கே கடைவாயில் இரண்டு வருஷமாக வலி. ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு காலத்தை ஓட்டவில்லையா?

“மேட்டினி ஷோவுக்குப் போக இப்படி ஒரு சாக்கா வே?”

“சத்தியமா இல்ல சார். முருகன்குறிச்சில, பஸ் ஸ்டாப்புக்கு எதுத்த மாடி. மூணு மணிக்கு முன்னால போகணும். வேணும்னா நீங்களே வந்து பாருங்க.”

மேசையிலிருந்து இரண்டு முழம் தள்ளி நின்றுதான் பேசினான். ஆபீசில் எல்லோருமே அப்படித்தான். மரியாதை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று குமரகுருபரனுக்கு உள்ளூரப் பெருமை. ஆனால், கேட்காமலே விலாசத்தையும் நேரத்தையும் ஒப்பிக்கிறவனை எப்படி நம்புவது?

கையெழுத்துப் போட்டார். பொய் என்று தெரிந்தால் நாளைக்கே மெமோ. இரண்டரைக்கு ஜங்ஷனில் தேவமணி ஏறிய பஸ்ஸில் தானும் பின்வாசல் வழியாக ஏறி, பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஆற்றுப் பாலம் வருவதற்குள் பக்கத்தில் இருந்தவர் எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். ஊரில் இன்னும் மரியாதை இருக்கத்தான் செய்தது.

தேவமணி நிஜமாகவே மாடி ஏறினான். உள்ளே போன ஐந்தாவது நிமிஷம் சிரித்துக்கொண்டே இறங்கியும் போய்விட்டான். பின்னாலேயே ஏறி வந்து, முன்னறை மூலையில் பேப்பருக்குப் பின்னால் இருந்த குமரகுருபரனுக்குச் சந்தேகம் இரட்டித்தது. ஐந்து நிமிஷத்தில் என்ன வைத்தியம்? டாக்டரும் கூட்டுதான்.

“குமரகுருபரன்!” என்று கூப்பிட்டாள் நர்ஸ்.

தூக்கிவாரிப்போட்டது. “நான் பேரே குடுக்கலியேம்மா!”

“மூணு மணிக்கு உங்க பேருதான் சார் இருக்கு. உள்ள வாங்க.”

டாக்டர் ஹெப்சிபா அவரை நாற்காலியில் சாய்த்து, வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

“தேவமணி மாதிரி வலிக்கதுக்கு முன்னாலயே வந்து காட்டிருந்தீங்கன்னா, அஞ்சு நிமிஷத்துல அனுப்பிருப்பேன். இப்ப மூணு பல்லப் பிடுங்கணும். ஈறெல்லாம் சீழ்.”

“அது கெடக்கட்டும். நான் வருவேன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?”

டாக்டர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஆபீஸ் டைப்ரைட்டரில் அடித்த மனு.

‘மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, எங்கள் தலைமை எழுத்தரைச் சொல்லி அழைத்துவர இயலாது. சந்தேகப்பட வைத்தால் தாமாகவே வருவார். அருகில் நின்று பேசும் அளவுக்கு அவரைக் குணமாக்கித் தருமாறு வேண்டுகிறோம்.’

கீழே பதினோரு கையெழுத்து. பத்து, ஆபீஸ்காரர்களுடையது. அவர்களுக்கெல்லாம் மேலே, முதல் கையெழுத்து அவர் மனைவி பிரம்மநாயகியுடையது.