முகத்தை மறைக்கும் வேலை

முதல் பனியனின் மேல் கறுப்பு மை இறங்கியபோது டானியல் போனைத் தூக்கிப் பிடித்தான்.

வீடியோ ஓட ஆரம்பித்தது.

பனியனில் இருந்தது ஒரு பெண்ணின் முகம். தலையில் மஞ்சள் துணியைச் சுற்றிக் கட்டி, பல் தெரியச் சிரிக்கிற முகம். டானியலின் நாட்டில் தேர்தலுக்கு நின்றவர். டானியலின் அம்மா.

முதலிபாளையத்துப் பிரிண்டிங் பட்டறையில் அது எல்லாருக்கும் தெரியும். தை மாதம் முழுக்க அந்த முகத்தை அச்சடித்ததே அவர்கள்தான். அம்மாவின் நிறம் சரியாக வரவில்லை என்று, தேர்தலுக்காக ஆர்டர் கொடுத்திருந்த டானியல் திரும்பத் திரும்ப மை கலக்க வைத்தான். கோயமுத்தூரில் காலேஜ் படித்தவன். 'ங்க' போடாமல் அவனுக்குத் தமிழே வராது. சாத்தூர்ப் பக்கமிருந்து வந்து இந்தப் பட்டறையை நடத்தும் ஜெயபாண்டிக்குக்கூட அந்த மரியாதை இன்னும் படியவில்லை.

ஒருநாள் அந்த அம்மா வீடியோ காலில் வந்து எல்லாரையும் கும்பிட்டார். அச்சு மேஜையில் பனியனை விரித்துக் கொடுக்கும் நாகஜோதி, சாப்பிட்டாச்சா என்று தமிழில் கேட்டாள். அவர் தன் பாஷையில் என்னவோ சொன்னார். இரண்டு பேருக்கும் பேசிய திருப்தி வந்துவிட்டது.

பனியன் பெட்டிகள் தூத்துக்குடித் துறைமுகம் வரைக்கும் போயின. அதற்குள் எங்கோ இரண்டு நாடுகள் குண்டு போட்டுக்கொள்ள ஆரம்பித்தன. கப்பல் போகிற வழி அடைபட்டது. பெட்டிகள் போன லாரியிலேயே திரும்பி வந்தன.

டானியலின் நாட்டுக்கும் அந்தச் சண்டைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் டீசல் அங்கேதான் முதலில் தீர்ந்தது. பஸ் நின்றது. ரொட்டி விலை ஏறியது. சனங்கள் தெருவுக்கு வந்தார்கள், அவர்களை அடக்கப் பட்டாளம் வந்தது. வந்த பட்டாளம் திரும்பிப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

தேர்தல் கிடையாது என்றார்கள். நின்றவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், டானியலின் அம்மாவையும்.

நேற்றுத்தான் டானியலின் மாமா மூலமாகப் பட்டாளத்திடமிருந்து ஒரு சேதி வந்தது. அந்த முகம் இனி எந்த ஊரிலும், யார் நெஞ்சிலும் தெரியக் கூடாது. எல்லாவற்றையும் அழித்து வீடியோ அனுப்பினால் அம்மா வீட்டுக்கு வருவார். அதற்குப் பிறகு ஒரே ஒரு முகம் வெளியே தெரிந்தாலும் வரமாட்டார்.

கத்தரித்துப் போட்டிருக்கலாம்தான். ஜெயபாண்டிக்கு மனசு வரவில்லை. நல்ல துணி. ஆர்டர் நின்றுபோனால் படத்தின் மேல் கறுப்புக் கட்டம் அடித்து, மிச்ச உருப்படிகள் விற்கும் காதர்பேட்டையில் தள்ளிவிடுவது இந்த ஊர் வழக்கம். துணி வீணாவதைப் பார்த்தால் இங்கே எல்லாருக்கும் வயிறு எரியும்.

நாகஜோதி ஒவ்வொரு பனியனாகப் பலகையில் விரித்தாள். ஜெயபாண்டி ஸ்கிரீனை இறக்கி, ரப்பர் கட்டையால் மையை இழுத்தார். நெற்றி போனது. கண் போனது. சிரிப்பு போனது.

பெற்றவளின் முகத்தில் கறுப்பு அடிப்பதை மகன் நின்று படம் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு யார் என்ன ஆறுதல் சொல்ல முடியும்? நாகஜோதி முதலில் ஒவ்வொரு பனியனுக்கும் மன்னிப்புக் கேட்டு முணுமுணுத்தாள். பிறகு பார்க்காமலே விரிக்கப் பழகிக்கொண்டாள்.

கடைசிப் பனியனும் கறுத்தது.

"எல்லாமே இவ்ளோதானுங்களாண்ணா?" என்று கேட்டான் டானியல்.

ஜெயபாண்டி காலிப் பெட்டிகளை ஒருதரம் பார்த்தார். "அம்புட்டுத்தான் தம்பி," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பெட்டியில் வந்தது அவ்வளவுதான்.

டானியல் வீடியோவை அனுப்பினான். எல்லாரும் அவனுடைய போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பதில் வந்தது. படித்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நாளைக்குக் காலையில் அம்மாவை விட்டுவிடுகிறார்களாம். நாகஜோதி மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். ஜெயபாண்டி மை படிந்த கையோடு அவன் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பட்டறையில் எல்லாருக்கும் ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதி.

சாயங்காலம் வேலை முடிந்து வாசலுக்கு வந்தார்கள். நாகஜோதியைக் கூட்டிப்போக அவள் புருஷன் முனீஸ் பைக்கில் வந்து நின்றான்.

அவன் நெஞ்சில் டானியலின் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

நாகஜோதிக்கு அப்போதுதான் உறைத்தது. அச்சு லேசாக விலகிய உருப்படிகள் பெட்டிக்குப் போவதில்லை. வேலை செய்கிறவர்களின் வீட்டுக்குப் போகும், வீட்டிலிருந்து ஊருக்குப் போகும். பனியன் கம்பெனி உள்ள எல்லா இடத்திலும் அப்படித்தான். அதை யாரும் ஒரு விஷயமாக நினைப்பதே இல்லை.

டானியல் ஓடினான். ஓடிப்போய் இரண்டு கைகளாலும் முனீஸின் நெஞ்சை இறுகப் பொத்திக்கொண்டான்.

முனீஸுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா படத்தைப் பார்த்த பாசம் என்று நினைத்தான். அந்தக் கைகளின் மேல் தன் கையை வைத்துத் தட்டிக்கொடுத்தான்.

"ஊர்ல பங்குனிப் பொங்கலுக்கு எங்க செட்டுப் பயலுக மொத்தமும் உங்கம்மா பனியன்தான் தம்பி. முளைப்பாரிக்கு முன்னால ஆடுன வீடியோவ நெட்டுல ஏத்திவிட்டோம். நாங்க என்னமோ நம்மூரு ஆளுகதான் பாப்பாகன்னு நினைச்சோம். இன்னைக்கு மத்தியானத்துலருந்து பூராம் உங்க நாட்டு ஆளுகளா வந்து பாக்குறாக!"