பரண் முழுங்கியவை

"கருந்துளைக்குள்ள போனது எதுவும் திரும்பி வராதாம் புஷ்பா. ஆனா மறுபக்கம் புதுசா ஒரு பிரபஞ்சமே பொறக்கலாமாம்." பட்டாபிராம் வீட்டில் பத்திரிகையை மடித்தார் கோவிந்தராஜ்.

"நம்ம பரண் மாதிரி கீது. குக்கரை முழுங்கிச்சு, இட்லி குண்டானை முழுங்கிச்சு, உங்க ரேடியோவையும் முழுங்கிச்சு."

மறுநாள் அவர் கிளம்பியதும் புஷ்பா பரணில் ஏறினாள். மரத்தொட்டிலைக் காணோம். மற்றதையெல்லாம் எடுத்தது அவள்தான். தொட்டிலை அவள் இன்னும் தொடவேயில்லை.

வெறுங்கையோடு ரயிலேறி வேப்பம்பட்டு போனாள். காதலித்தவனைக் கட்டிக்கொண்டதால் கோவிந்தராஜ் தலைமுழுகிய மகள், பச்சைக் குழந்தையோடு வாசலில் நின்று சிரித்தாள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஸ்டூல் மேல் ஏறித் தொட்டில் கட்டிக்கொண்டிருந்தார் கோவிந்தராஜ்.

"இன்னா பாக்குற? மறுபக்கம் எப்டி கீதுன்னு நானும் பாக்க வேணாமா?"