வயதுக்கு நாலு சொல்

பலாபத்வலையில் இருந்த அந்த ஸ்பைஸ் கார்டனில் ஸ்பானிஷ் பேசும் கைட் வேலைக்கு யோகமலரோடு சேர்த்து இரண்டே பேர்தான் வந்திருந்தார்கள்.

"ஸ்பெயின்ல எத்தனை வருஷம் இருந்தீங்க?" என்று மேனேஜர் கேட்டார்.

"பதினோரு வருஷம் சேர். ஒரு வீட்டுல வயசான அம்மாவைப் பார்த்துக்கிட்டேன்."

"இங்க வாற ஸ்பெயின்காரங்களும் வயசானவங்கதான். அவங்களை ஸ்பானிஷ்ல எப்படிச் சொல்லுவீங்க?"

"'மயோர்'னு சொல்லணும். பெரியவங்கனு அர்த்தம். 'வியேஹோ'ன்னா கிழடு, கோவிச்சுக்குவாங்க. 'அன்சியானோ' ரொம்பத் தளர்ந்தவங்களுக்கு. 'அன்டீகுவோ' பழைய கட்டடத்துக்கு, கதிரை மேசைக்கு."

மேனேஜர் நாலையும் எழுதிக்கொண்டார்.

"ஐம்பதுக்குள்ளதான் எடுக்கிறோம். உங்க வயசு?"

"நாற்பத்தெட்டு சேர். ஐடென்டியை வீட்டுல மறந்து வச்சிட்டு வந்துட்டேன்."

"பரவாயில்ல, பார்த்தாலே தெரியுது. வேலை உங்களுக்குத்தான்." மேனேஜர் மேசையில் ஒரு மூலிகை எண்ணெய்ப் போத்தலை வைத்தார். "ஆனா இதை விக்கணும்னா கொஞ்சம் பொய் சொல்லணும். 'எனக்கு அறுபது வயசு, இதைத் தேய்ச்சுத்தான் இப்படி இருக்கேன்'னு சொல்லணும். எங்க கைட் எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. முடியுமா?"

யோகமலர் போத்தலின் லேபலைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள்.

"அறுபத்திமூணுன்னு சொல்றேன் சேர்."

"அது எதுக்கு மூணு கூட?"

"யாராச்சும் நம்பலைன்னா காட்டலாம்" என்று, வீட்டில் மறந்து வைத்த அடையாள அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்து, போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.