மெர்டேக்கா விருந்துக்குக் கோட்டு

"மெர்டேக்கா விருந்துக்குக் கோட்டு, இல்லாட்டி அவங்கவங்க நாட்டு உடைன்னுதானே கார்டுல போட்டிருக்கு? வேட்டியே கட்டிக்கிட்டுப் போங்களேன்," என்றாள் மனைவி ருக்மணி.

"வேட்டி கோயிலுக்கு, சாரோங் வீட்டுக்கு. துரை வர்ற எடத்துக்குக் கோட்டுதான்."

காஜா பெராங் தெரு டோபிக் கடையில் காலையில் வாடகைக்கு வாங்கி வந்த கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி மருதமுத்து.

அந்தச் சுதந்திர தின விருந்துக்கு அவருடைய ஆபீஸ் துரை மலாய்க்காரர்களின் கைலியான சாரோங் கட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைக்காரருக்கு இந்த மண்மேல் எவ்வளவு பிரியம் என்று கூட்டமே கைதட்டியது. மருதமுத்துதான் எல்லாரையும்விட ஓங்கித் தட்டினார்.

துரை நேராக அவரிடம் வந்து, தோளைத் தடவிப் பார்த்து, காதோடு மலாயில் சொன்னார்:

"என் கோட்டு உனக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. காலையில் டோபியிடமே திருப்பிக் கொடுத்துவிடு. ஆபீசுக்கும் நான் சாரோங்கில் வர முடியாது."