ஒரு முடிச்சு பாக்கி

துவைக்கப் போடலாம் என்று சூசை மேரி மருமகளின் தலையணை உறையை உருவியபோதுதான் அது கீழே விழுந்தது.

ஒரு முழம் வெள்ளை நூல். அதோடு சேர்த்து முறுக்கிய நரைமுடி ஒன்று. நடுவில் ஒரே ஒரு முடிச்சு. மற்ற இடங்களிலெல்லாம் முடிச்சுப் போட்டு அவிழ்த்த நெளிவு.

அந்த வீட்டில் நரைத்த தலை சூசை மேரியுடையது மட்டும்தான்.

பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

“செய்வினைதான் மேரி. சந்தேகமே வாணாம்.”

மருமகள் ஜெனித் மேல் சூசை மேரிக்கு ஏற்கெனவே ஒரு கண். பௌர்ணமி வந்தால் போதும், பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். சுற்றிலும் உப்பால் ஒரு வட்டம், நடுவில் மெழுகுவத்தி, கையில் ஜெபமாலை, வாயில் முணுமுணுப்பு.

கல்யாணத்துக்கு முன்னால் பொம்மையார்பாளையத்துக் கடலோர விடுதியில் வேலை பார்த்தவள் அவள். அங்கே வந்து தங்கிய வெள்ளைக்காரி ஒருத்தி சொல்லிக் கொடுத்ததாம். ‘விக்கா’ என்று பெயராம். நிலா, மூலிகை, மந்திரம் என்று அலைகிற கூட்டமாம்.

திண்டிவனத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்துக்கே தலைவி சூசை மேரி. ஊருக்கு ஜெபம் சொல்லிக் கொடுப்பவள் வீட்டில் இந்தக் கூத்தா?

கடைக்குப் போயிருந்த ஜெனித் பையோடு உள்ளே வந்தாள். பின்கட்டில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சூசை மேரி அங்கே நின்றபடி நூலைத் தூக்கிக் காட்டினாள்.

“என்னாடி இது?”

ஜெனித்துக்கு முகம் வெளுத்துவிட்டது. “அத்தை, அதைக் குடுத்துடுங்க. ஒரு முடிச்சுதான் பாக்கி.”

“அதோட என் கதை முடிஞ்சிடுமா?”

“ஐயோ, அப்டியெல்லாம் இல்லைங்க அத்தை.”

“ஞாயித்துக்கெழம பூசைக்கும் வந்துக்கினு, நிலாவையும் கும்புட்டுக்கினு... உனக்கு எத்தினி சாமிடி?”

“ஒரே சாமிதான் அத்தை. நிலா வெளிச்சத்துல உக்காந்து ஏசப்பாவைத்தான் கும்புடறேன். நீங்க உப்பும் மிளகும் கொண்டுபோயி கோயில்ல கொட்டறதில்லையா?”

“அது அந்தோணியாருக்குடி! அதுவும் இதுவும் ஒன்னா?”

சொன்ன வேகத்தில் நூலை அடுப்புக்குள் வீசினாள். அது சுருண்டு கருகிப் போனது.

“அவிழ்க்காம எரிச்சிட்டீங்களே அத்தை!”

ஜெனித் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அதைப் பார்த்ததும் சூசை மேரிக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது. வெச்ச வினை பலிக்காதவள்தானே இப்படி அழுவாள்?

“உங்கம்மா வூட்டுக்குக் கெளம்பு. பங்குச் சாமியார்கிட்ட பேசிட்டு அப்பறமா பாக்கறேன்.”

ஜெனித் மாற்றுப் புடவையோடு பஸ் ஏறிவிட்டாள்.

விழுப்புரத்தில் ஒர்க்‌ஷாப் வேலை முடிந்து மகன் அலெக்ஸ் சாயங்காலம் வந்ததும், கண்டத்திலிருந்து தப்பித்த கதையை சூசை மேரி பெருமையாகச் சொன்னாள். அவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“எரிச்சிட்டியாம்மா?”

“பின்ன, மாலை போடுவாங்களா?”

“அது என்னா நூலுன்னு தெரியுமா? நீ மனசு நோகறாப்ல எதுனா சொல்லுவ. அவ எதுத்துப் பேச மாட்டா. அந்த நூல்ல ஒரு முடிச்சு போட்டு வெச்சுக்குவா. பௌர்ணமி அன்னிக்கு ‘எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல’ன்னு திரும்பத் திரும்ப வேண்டிக்கினு ஒன்னை அவிழ்ப்பா. அவிழ்த்துட்டா அதை அப்பறம் மனசுல வெச்சுக்கக் கூடாதாம்.”

“என் முடி எதுக்குடா?”

“யாரை மன்னிக்கறோம்னு மறந்துடக் கூடாதில்ல?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா...”

“உன்னை மன்னிக்கறேன்னு உன் மூஞ்சிக்கு நேரா எப்டிம்மா சொல்லுவா? எங்கிட்டயே நேத்துதான் வாயைத் தொறந்தா.”

“அந்தக் கடைசி முடிச்சு...”

அது எந்த வார்த்தைக்குப் போட்டது என்று அலெக்ஸ் சொல்ல வேண்டியதில்லை. கரு கலைந்து ஆஸ்பத்திரியிலிருந்து ஜெனித் வீடு திரும்பிய அன்று, அவள் அம்மா பத்தியக் குழம்பு வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அந்தச் சட்டியை மூடி ஓரமாக நகர்த்தியது சூசை மேரியின் கைதான். “பெத்தவளுக்குத்தான் பத்தியம். உனக்கு எதுக்கு?” என்று கேட்டதும் அவள் வாய்தான். அன்றைக்கு அது பெரிய வார்த்தையாகத் தோன்றவில்லை. இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“காலையில மொத பஸ்ஸுக்கே போயி கூட்டியாந்துடலாம்டா. கால்ல விழச் சொன்னாலும் விழறேன்.”

“கூப்புட்டா வருவாம்மா. வராம எங்க போவா?” அலெக்ஸ் அடுப்பைப் பார்த்தான். “அந்த ஒன்னை மட்டும் அவிழ்க்கவே மனசு வரலைன்னு, மாசா மாசம் தள்ளிக்கினே வந்தா. வர்ற பௌர்ணமிக்கு எப்டியும் அவிழ்த்துடறேன்னு சொல்லியிருந்தா.”