சேற்றுக்குள் போகாத மட்டிகள்

ஜன்னல் வெயில் ஆய்வுக்கூடத்தின் இரண்டு கண்ணாடித் தொட்டிகளையும் ஊடுருவி நிற்கிறது. ஒன்றில் நல்ல மணல். அதில் விட்ட மட்டிச் சிப்பிகள் உடனே புதைந்துவிட்டன. மற்றதில், ஆலைக் கழிவு விழும் கழிமுகத்தின் கருஞ்சேறு. அதன் மேல் மட்டிகள் அப்படியே கிடக்கின்றன. ஒன்று நாக்கைப் போன்ற தன் காலை நீட்டிச் சேற்றைத் தொடுகிறது; சட்டென்று இழுத்துக்கொள்கிறது. சேற்றுப் புழுக்கள் வெளியேறிக் கண்ணாடி மூலையில் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு நெளிகின்றன.

"உள்ள போக மாட்டேங்குதுண்ணா. சேத்துல விஷம் இருக்கு," என்கிறாள் சோதனை நடத்தும் பெண்.

ஆலை மேலாளரான அவளுடைய அண்ணன் சட்டைக் கையை மடித்துவிடுகிறான். "போகலன்னா போக வைக்கணும்."

ஒவ்வொரு மட்டியாகக் கட்டைவிரலால் சேற்றுக்குள் அழுத்துகிறான். ஓர் ஓடு நொறுங்கும் சத்தம் கேட்கிறது. புழுக்களைக் கண்ணாடிக் குச்சியால் கிண்டிப் புதைக்கிறான். கலங்கிய நீர் மெல்லத் தெளிகிறது. சேற்றின் மேல் இப்போது ஒன்றுமே இல்லை.

"சீக்கிரம் ரிப்போர்ட்டுக்குப் போட்டோ எடு."

"நாளைக்குப் பொம்பளைங்க இடுப்பளவு சேத்துல நின்னு மட்டி பொறுக்குவாங்கண்ணா. அதுல புள்ளத்தாச்சிகளும் இருக்காங்க."

"இந்த வேலைய உனக்கு யாரு வாங்கிக் குடுத்தா?" குரலை உயர்த்தாமலே கேட்கிறான்.

அவள் கேமராவை எடுக்கிறாள். அவன் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறான், விரல்களை முகர்ந்துபார்க்கிறான், மறுபடியும் கழுவுகிறான். பிறகு கதவைத் திறக்கிறான். கழிமுகத்தில் இறங்க அனுமதி கேட்டு வந்த பெண்கள் தாழ்வாரத்திலிருந்து எழுந்து நிற்கிறார்கள்.

"ஒரு குறையும் இல்லம்மா. தாராளமா இறங்குங்க."

வயிறு தள்ளிய ஒருத்தி அவனைக் கையெடுத்துக் கும்பிடுகிறாள்.